கடல் காட்டிய மட்டம்

மறுநாள் துப்பாக்கி சுடும் போட்டி. என் ஏர் ரைஃபிளின் குண்டோ கிட்டத்துக் குறியில் சரியாகப் படும், தூரக் குறியில் வலப்பக்கம் விலகும். மேலே பொருத்திய ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, சாய்ந்து உட்கார்ந்திருந்ததுதான் காரணம். நான் எப்போதும் ஒரு பக்கத்துத் திருகை முதலில் முழுதாக முறுக்கிவிடுவேன். அந்த வேகத்தில் ஸ்கோப் லேசாகத் திரும்பிக்கொள்ளும்.

அன்று சாயங்காலம் குண்டு போடாத ரைஃபிளை மொட்டைமாடியில் தாங்கியில் வைத்து, ரசமட்டத்தால் நேராக்கினேன். எதிரே கடல். ஸ்கோப்பை ஒப்பிட அதைவிட மட்டமான கோடு எங்கே கிடைக்கும்?

துணி எடுக்க வந்த மைனிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏளா, ஒங்க அண்ணன் கப்பல்ல போயிருக்காக. கடலப் பாத்தா துப்பாக்கிய நீட்டுவ?"

"குண்டு இல்ல மைனி. மட்டம் பாக்கத்தான்."

ஸ்கோப்பின் குறுக்குக் கோட்டை அடிவானத்தின் மேல் படுக்கவைத்து, இரண்டு பக்கத் திருகுகளையும் மாற்றி மாற்றி இறுக்கினேன். கோடு அசையவில்லை. அப்போதுதான் அதன்மேல் வெள்ளையாக ஏதோ முளைத்தது. ஒரு கப்பலின் உச்சி. கீழே கப்பலே இல்லை! நெடுநேரம் பார்த்தேன். சரக்குப் பெட்டிகள் அடுக்கடுக்காக எழுந்தன. கடைசியில்தான் கப்பலின் உடல் வந்தது. பள்ளியில் படித்ததுதான். ஆனாலும் பூமியின் வளைவைக் கண்ணால் கண்டபோது மாடிச்சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மைனியையும் பார்க்கச் சொன்னேன். கண்ணை எடுக்கவே இல்லை.

"அவுக போனப்ப, கப்பல் சின்னதாகிச் சின்னதாகி இல்லாமலே போச்சுன்னுல்லா நெனச்சேன்," என்றாள். "இந்தக் கோட்டுக்கு அங்கன எறங்கித்தான் போயிருக்காக."

போட்டியில் என் குண்டுகள் விலகவில்லை. அண்ணன் ஃபோனில் அழைத்தால் மைனி இப்போது மாடிக்கு வந்துவிடுகிறாள். அடிவானத்துக்குச் சற்றுக் கீழே பார்த்தபடி பேசுகிறாள்.