மூன்றாம் வீதிக் குழாயடிப் புதையல்

எவர்சில்வர் கரண்டியைச் செம்மண் சரளையில் இழுத்தால் எழும் சத்தத்தில் பல்லின் வேர்வரை கூசும். ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சத்தம்தான். எங்கள் மாவட்டத்து மண் ஒரு சாணுக்குக் கீழே கல்லாக இறுகிக் கிடக்கும் என்பதையும், சாப்பாட்டுக் கரண்டியால் அதைத் தோண்டப் போனால் வளைவது கரண்டிதான் என்பதையும், புதுக்கோட்டையின் சின்னப் பூங்கா ஒன்றில் உச்சி வெயிலில் குத்தவைத்து உட்கார்ந்து நானும் சகாயமும் கற்றுக்கொண்டோம்.

சகாயம் ஆவூர்க்காரி, வாத்தியார் மகள். எனக்கு வல்லத்திராக்கோட்டைப் பக்கம். மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று கிலோமீட்டர் உள்ளே நடந்தால் வீடு. டவுன் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. ஊருக்குள்ளேயே வீடு இருந்தவர்கள் எங்களை ‘பஸ்சுப் பிள்ளைக’ என்பார்கள். அதில் பெரிய வன்மம் ஒன்றுமில்லை, மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற எவருக்கும் அந்தப் பெயர்தான். பத்தாம் வகுப்புக்குப் போகிறவர்களுக்கென்று அந்த மே மாதம் ‘ஸ்பெஷல் கிளாஸ்’ வைத்திருந்தார்கள். பன்னிரண்டரைக்கு வகுப்பு முடியும். இரண்டு மணிக்குத்தான் பஸ். இடையில் கிடைத்த அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி வீட்டிலும் கேட்க மாட்டார்கள், பள்ளிக்கூடத்திலும் கேட்க மாட்டார்கள். எங்கள் புதையல் வேட்டை பெரும்பாலும் அதற்குள்தான் நடந்தது.

வேட்டை தொடங்கியது ஒரு நோட்டு அட்டையிலிருந்து. பழைய மாதக் காலண்டரின் வழவழப்பான தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி நோட்டுக்கு ‘அட்டை போடுவது’ அப்போது எல்லா வீட்டிலும் வழக்கம். சகாயத்தின் அப்பா இதற்காகவே பல வருடக் காலண்டர்களைப் பரண்மேல் சுருட்டி வைத்திருந்தார். அவளுடைய கணக்கு நோட்டின் அட்டை வியர்வையில் பிரிந்து வந்த ஒரு நாள், உள்பக்கம் என்ன படம் என்று பார்க்க முழுவதையும் உருவினாள். நாங்கள் பிறப்பதற்கு முந்தைய ஏதோ ஒரு வருடத்தின் டிசம்பர் மாதம். டவுனில் இருந்த ஒரு சைக்கிள் கடை போட்ட காலண்டர். ஒரு காலைத் தரையில் ஊன்றி சைக்கிளில் நிற்கும் ஒருவரின் படம், அதன் கீழே நாலு வரி:

ராஜா வீட்டு வாசல் விட்டுக்
கிழக்கே போனால் மூன்றாம் தெரு;
நிழலும் நீரும் சேரும் இடத்தில்
நிலத்துக்குள்ளே என்னைத் தேடு.

அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு வாக்கு. புதைத்திருக்கும் டின்னுக்குள் கடை முத்திரை போட்ட சீட்டு ஒன்று இருக்கிறது, அதை எடுத்து வருபவருக்குப் புது சைக்கிள், அவருடைய படம் அடுத்த வருடக் காலண்டரில், காலக்கெடு கிடையாது.

காலக்கெடு கிடையாது என்ற அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பத்தாம் வகுப்பில் மாலை வகுப்பு முடிந்து நான் மெயின் ரோட்டில் இறங்கும்போது இருட்டிவிடும். அப்பா ஏற்கெனவே முடிவு சொல்லிவிட்டார்: “பொழுது சாஞ்சப்பறம் மூணு கிலோமீட்டர் ஒத்தையில நடந்து வர்ற படிப்பு ஒனக்கு வேணாம். ஜூன்ல நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடத்துலயே சேத்து விட்டுர்றேன்.” சைக்கிள் இருந்தால் என்று இழுத்தேன். “இருந்தா ஓட்டிக்கிட்டு வா, யாரு வேணாங்குறா?” அரசாங்கம் தரும் சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் வரும். எனக்கு அது ஒரு வருடம் முன்னால் தேவைப்பட்டது. வீட்டில் வாங்கும் நிலை இல்லை என்பது கேட்காமலே தெரியும். ஆக, டவுன் பள்ளிக்கூடம், சகாயம், எங்கள் பெஞ்சு எல்லாமே அந்த நாலு வரிக்குள் மாட்டிக்கொண்டன.

சகாயத்துக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. “எனக்குச் சைக்கிளு வேணாம்டி, எங்க வீட்டுல ஒண்ணு சும்மாத்தான் கெடக்கு. சைக்கிளு ஒனக்கு, காலண்டரு எனக்கு” என்று முதல் நாளே பாகம் பிரித்துவிட்டாள். ஊரிலுள்ள அத்தனை வீட்டுச் சுவரிலும் ஒரு வருடம் முழுக்கத் தன் முகம் தொங்க வேண்டும் என்பது அவள் ஆசை.

‘ராஜா வீடு’ சுலபமாக விளங்கியது. அரண்மனையைச் சுற்றிச் சதுரம் சதுரமாகத் தெருப் போட்ட ஊர் எங்களுடையது. அங்கிருந்து கிழக்கே நடந்தோம். ராஜ வீதியை வாசலோடு சேர்த்துவிட்டு, அதற்கு அடுத்த தெருவிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல்விட்டு எண்ணினோம். மூன்றாவதில் ஒரு சின்னப் பூங்கா, தூங்குமூஞ்சி மரம், பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி. நிழல், நீர். சகாயம் அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள். பிறகு பத்து நாள் தோண்டினோம். நாலு கரண்டி வளைந்தது.

பதினோராம் நாள், பூங்காவைக் கூட்டுகிற அக்கா துடைப்பத்தோடு தலைக்கு மேல் வந்து நின்றார்.

“என்னாங்கடி பண்றீங்க, எலி வளையா வெட்டுறீங்க?”

சகாயம் தாளை நீட்டினாள். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

“மூணாம் தெருன்னுல்ல போட்டுருக்கு. இது கீழ நாலாம் வீதிடி, கூறுகெட்டவளுகளா.”

“எண்ணிக்கிட்டுத்தானக்கா வந்தோம். அப்ப மொத வீதி எங்கிட்டு இருக்கு?”

“ராஜ வீதிதான் மொத வீதி. அதத் தாண்டுனா ரெண்டாம் வீதி. ராஜாவ விட்டுப்புட்டா எண்ணுவாக?”

டவுன் பிள்ளை ஒருத்திகூட இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள். ராஜ வீதிக்குப் பின்னால் நேராக இரண்டாம் வீதிதான், முதல் வீதி என்று எங்கேயும் பலகை கிடையாது என்பது அவர்களுக்குத் தானாகத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமே வழி தெரிந்த எங்களுக்கு அது பத்து நாளையும் நாலு கரண்டியையும் விழுங்கிய பிறகு தெரிந்தது.

கீழ மூன்றாம் வீதியை நாலு மதியம் முனைக்கு முனை நடந்தோம். தண்ணீருக்குக் குறைவில்லை, மூன்று இடத்தில் குழாயடி இருந்தது. நிழலுக்குத்தான் பஞ்சம், மரம் என்று ஒன்றுகூட இல்லை. நாலாவது நாள் நடுக் குழாயடியில் சகாயத்தின் செருப்பு தடுக்கியது. சிமெண்டு மேடையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு வேர் முதுகு காட்டியது. குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டோம். “நான் வாக்கப்பட்டு வந்தப்ப இங்கன கொழாய ஒட்டிப் பெரிய புளியமரம் நின்னுச்சு. வெட்டிப்புட்டு மேடையப் போட்டாக. அது இன்னும் சாவாமக் கெடக்கு பாரு” என்றார்.

சகாயம் என் கையைக் கிள்ளினாள். இடம் கிடைத்துவிட்டது, ஆனால் மேலே ஒரு அடி சிமெண்டு. பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள்தான் பாக்கி. அடுத்த நாள் விடையை மட்டும் எடுத்துக்கொண்டு நேராகச் சைக்கிள் கடைக்குப் போய்விட்டோம்.

கடை ஐயா சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிக் கோணல் எடுத்துக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்ததும் முகம் இறுகியது.

“குழாயடி மேடைக்குக் கீழயா? தப்பு.”

“எப்படிங்கய்யா தப்பு?”

“தப்புன்னா தப்புதான் ஆத்தா. போயிட்டு வாங்க.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. சகாயம் அசையவில்லை. “அப்ப சரியான எடத்த நீங்களே சொல்லுங்க. காலக்கெடு இல்லன்னு போட்டது பொய்யா?”

அவர் திரும்பிச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். டீயோடு உள்ளேயிருந்து வந்த அவர் மனைவிதான் சொன்னார். “பிள்ளைககிட்டயாச்சும் உண்மையச் சொல்லுங்க. இவுகளுக்கே எடம் தெரியாது ஆத்தா. பாட்டு எழுதுனதும் இவுக அண்ணன், பொதச்சதும் அவுகதான். யாருகிட்டயும் மூச்சு விடாம அடுத்த வருஷமே போய்ச் சேந்துட்டாக. அன்னையிலருந்து வர்றவுக எல்லாருக்கும் இவுக சொல்றது ‘தப்பு’தான். இதே குழாயடிய முன்னாடியே ரெண்டு பேரு வந்து சொல்லியாச்சு.”

“எனக்கே தெரியாதுன்னா கடை ஊர ஏமாத்துச்சுன்னு பேச மாட்டாகளா? சரின்னு சொல்லித் தோண்டி, அங்க ஒண்ணுமில்லாமப் போனா?” என்று அவர் சக்கரத்தைப் பார்த்தே கேட்டார். ஏமாற்றுக்காரர் என்று எனக்கு அன்று கோபம்தான் வந்தது. அண்ணன் விட்டுப்போன விடுகதைக்கு விடை தெரியாமலே காவல் நிற்பது எவ்வளவு சங்கடமான வேலை என்று புரிகிற வயது அப்போது இல்லை. டீ ஆறி ஏடு படிந்த பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கெழம காலையில வாங்க.”

அதற்குள் அவர் கவுன்சிலரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மூன்றாம் வீதிப் பெண்களிடமும் பேசிவிட்டார். கவுன்சிலரைவிட அவர்கள்தான் கறார். “தோண்டிக்கங்க, ஆனா மேடைய ஒசத்தி, தண்ணி தேங்காமப் போட்டுத் தரணும்” என்றார்களாம். சரி என்றிருக்கிறார்.

ஞாயிறன்று தெருவே குடத்தோடு கூடிவிட்டது. கொத்தனார் கடப்பாரையைப் போட்டதிலிருந்து பேச்சுக்குக் குறைவில்லை. “வைரமா இருந்தா மூக்குத்திக்கு ஒண்ணு ஒதுக்கிருங்க.” “ஒண்ணுமில்லாட்டியும் மேடை வந்துரும்ல, நீ தோண்டுப்பா.” மேடை பெயர்ந்தது. ஓரடியில் புளிய வேர். இரண்டடியில் வெறும் சரளை. எனக்கு அப்பா சொன்ன பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கூரைகூடக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. அப்போது கொத்தனார் கையை நிறுத்தினார்.

“ஐயா, இங்க வந்து பாருங்க.”

சிவப்பு மண்ணுக்குள் கருப்பாக ஒரு வட்டம், பெரிய வளையல் அளவுக்கு. விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. அது டின்தான் என்றால் முழுக்கத் துருவாகிவிட்டிருந்தது. சீட்டை எந்தக் கரையானோ எப்போதோ தின்றுவிட்டது. கூட்டத்தில் ஒருவர், “இது எந்த வீட்டுப் பழைய பால்மாவு டின்னோ!” என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. அத்தனை தலையும் கடை ஐயா பக்கம் திரும்பியது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே குழிக்குள் இறங்கினார். துருவை இரண்டு விரலால் தேய்த்தார். முகர்ந்தார்.

“எங்கண்ணன் வச்சதுதான்” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. “பிள்ளைக சொன்னது சரி.”

கையில் ஒட்டியிருந்ததை உதறாமல் வேட்டி முனையில் முடிந்துகொண்டு மேலே ஏறி வந்தார். அது உண்மையிலேயே அண்ணன் வைத்த டின்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சகாயம் அப்போதே கொத்தனாரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

நாவல்பழ நிறத்தில் லேடீஸ் சைக்கிள். அப்பா அதைச் சாய்த்துப் போட்டு ஒவ்வொரு நட்டாக முறுக்கிப் பார்த்தார், குறை ஒன்றும் அகப்படாமல், “பெல்லு அடிச்சுக்கிட்டே வரணும், கேட்டியா?” என்றார். அதற்குச் சரி என்று அர்த்தம். மெயின் ரோட்டு டீக்கடையில் சைக்கிளை விட்டுவிட்டு பஸ் ஏறி, பத்தாம் வகுப்பையும் அதற்கு மேலே இரண்டையும் டவுனிலேயே முடித்தேன். அடுத்த காலண்டரில் சகாயம் தன் அக்காவின் பட்டுப் பாவாடை தாவணியில், சைக்கிளின் கைப்பிடியைத் தனதேபோல் பிடித்தபடி நின்றாள். பின்னால் பாதி முகம் என்னுடையது. ஆவூரில் அவள் போகிற வீட்டிலெல்லாம் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாளாம்.

இப்போது நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். வார இறுதிகளில், யாரோ பூங்காக்களில் ஒளித்துவைத்த டப்பாக்களைக் கைபேசி வரைபடம் பார்த்துத் தேடும் ஒரு கூட்டத்தோடு சுற்றுகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது, என்ன, எந்தத் தெரு எத்தனையாவது என்று யாரிடமும் வசவு வாங்க வேண்டியதில்லை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சகாயத்தையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் வீதிக்குப் போனேன். வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டதால் குழாயடி இல்லை. ஐயா உயர்த்திப் போட்டுக் கொடுத்த மேடையும் இல்லை. கடையை மகன் நடத்துகிறார், பாதிக்கு மேல் பேட்டரி வண்டி. காலண்டர் போடுவதை நிறுத்திவிட்டார்கள். ஐயா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களை அடையாளம் கண்டதும் டீ சொல்லிவிட்டு, குறைப்பட்டுக்கொண்டார்.

“முன்னெல்லாம் வருஷத்துக்கு ரெண்டு பேராச்சும் வருவாக, அந்த எடமா இந்த எடமான்னு. ஒக்காந்து மல்லுக்கட்டுவாக. நீங்க வந்து முடிச்சு விட்டுட்டீங்களே ஆத்தா, இப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்குறதில்ல.”

“இன்னொண்ணு பொதச்சுற வேண்டியதுதானங்கய்யா” என்றாள் சகாயம்.

“எங்கிட்டுப் பொதைக்க? ஊரு பூராச் சிமெண்டப் போட்டு மூடிப்புட்டாக.”

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். டீ குடித்துவிட்டு நாங்கள் கிளம்பி, ராஜ வீதி வரைக்கும் இரண்டு ஓரமும் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தோம். உண்மைதான்; வெறும் மண் என்று ஒரு கையகலம் கண்ணில் படவில்லை.