கடைசியில் வைக்காத பூஜ்யம்

ஹுப்ளி பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர்கள் ஓடும் மின்பலகைக்கு நிரல் எழுதியவள் அக்ஷதா ஹிரேமட். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டவள், ஒரு வாரமாக அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

பலகைக்குள் இருந்த சிப் சின்னது. சொற்களை ஒட்டும் ஆயத்தக் கருவிகளுக்கு அதில் இடமில்லை. சி மொழியில் கையாலேயே ஒட்டினாள். முதல் சொல்லின் முடிவுக்குப் போய், அடுத்த சொல்லை எழுத்தெழுத்தாக நகலெடுத்து, கடைசியில் ஒரு பூஜ்யம் வைக்கவேண்டும். இத்தோடு முடிந்தது என்று பலகைக்குச் சொல்வது அந்தப் பூஜ்யம்தான். அதை வைக்க மறந்தாள் மகராசி. சோதித்தபோதெல்லாம் பலகையை அணைத்து அணைத்துப் போட்டதால் நினைவகம் துடைத்த சிலேட்டாக இருந்தது, தப்பு தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் யார் அணைக்கிறார்கள்?

'பெளகாவி வழி கித்தூர்' ஓடிய இடத்தில் அடுத்து 'ஹளியாள் விரைவு' வந்தது. பழைய வால் ஒட்டிக்கொண்டு, 'ஹளியாள் விரைவு கித்தூர்' என்று எரிந்தது. அதை நம்பி ஏறிய ஒரு பெண், கித்தூரில் நடந்த வேலை நேர்காணலுக்குப் போய்ச்சேரவில்லை.

பழி, ஊர்ப்பெயர்களைத் தட்டச்சு செய்யும் கண்ட்ரோலர் சென்னபசப்பாவின் தலையில் விழுந்தது. "கண்ணு அவிஞ்சுபோச்சாய்யா? நவல்குந்துக்கு மாத்திவிட்டாத்தான் புத்தி வரும்!" என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்தினார். தப்பு எங்கே என்று அதற்குள் கண்டுபிடித்துவிட்ட அக்ஷதா பக்கத்திலேதான் நின்றாள். அவள் முதலாளி ஸ்ரீபாத் போனில் சொல்லியிருந்தார்: "கமுக்கமா சரிபண்ணிட்டு வாம்மா. நம்ம தப்புன்னு தெரிஞ்சா அடுத்த ஆர்டர் அம்பேல்." ஒரே ஒரு வரி சேர்த்துவிட்டு, வாயில் கொழுக்கட்டையோடு வந்துவிட்டாள்.

இன்று பராமரிப்புக்கு வந்தே ஆகவேண்டியிருந்தது. சென்னபசப்பா கூப்பிட்டு, மசாலாப் பொரியான கிர்மிட் இருந்த தட்டை நீட்டினார். மூக்கில் புதுக் கண்ணாடி.

"சாப்பிடுங்க மேடம். கண்ணாடி போட்டதும் ஒரு தப்பும் வரல பாத்தீங்களா? மாத்தல் மட்டும் நிக்கல. திங்கக்கிழமை நவல்குந்து."

"அண்ணா, தப்பு உங்களுது இல்ல. நான் எழுதினதுலதான்…"

"அட, பெரிய மனசு உங்களுக்கு! எங்கண்ணு எனக்குத் தெரியாதா?"

சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியே வெறுங்கண்ணோடு, கோடியில் ஓடிய பலகையைப் பார்த்து மைக்கில் அறிவித்தார்: "ஹளியாள் விரைவு, மூணாவது பிளாட்பாரம்!" ஓர் எழுத்துப் பிசகவில்லை.

அக்ஷதா தட்டைக் கீழே வைத்துவிட்டு மேனேஜர் அறைக்கு நடந்தாள்.