நடுப்பாலத்தில் நின்ற கார்

எங்கள் காருக்கு இரண்டே இருக்கை. கூரை இல்லை. மழைக்கு இழுத்து மூட ஒரு கான்வஸ் துணி உண்டு. அதை இழுத்து முடிப்பதற்குள் மழை விட்டுவிடும். பந்தயம் ஓடச் செய்த கார் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். மாத்தறையில் கடை வைத்திருந்த காலத்தில், நாட்டை விட்டுப் போன ஒரு தோட்டத்துத் துரையிடம் வாங்கினார். பிள்ளைகள் மூன்று பேரும் வீட்டில் இருந்தபோது இதைப்போல உதவாத சாமான் இல்லை என்று நான் ஏசாத நாள் இல்லை. இப்போது பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். வேலணையில் நாங்கள் இருவர்தான். கார் அளவாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் குறிகட்டுவான் துறைவரை காரில் போய், அங்கே படகேறி நயினாதீவு அம்மனைக் கும்பிட்டு வருவோம். துறையில் நிற்கிற எல்லோரும் காரைப் பார்ப்பார்கள். நான் ஒருவரையும் பார்க்காததுபோல இறங்குவேன். அந்தப் பெருமை எனக்குப் பிடிக்கும். அதை ஏன் ஒளிக்கவேண்டும்?

ஒரேயொரு தொல்லை. பெற்றோல் ஊற்றும் வாய் என் இருக்கைக்குப் பின்னால், காரின் முதுகில் இருக்கிறது. அதன் மூடியில் ஊசி போகுமளவு ஒரு துளை. முட்ட நிரப்பினால் வளைவுகளில் அதற்குள்ளால் பெற்றோல் கசியும். ஒருநாள் அம்மனுக்குக் கொண்டுபோன பூவெல்லாம் பெற்றோல் மணத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும், உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தில் ஒரு கிள்ளு எடுத்து அந்தத் துளையில் அழுத்தி அடைத்தேன். மண்ணெண்ணெய்த் தகரம் ஒழுகினால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வோம். பெற்றோலுக்கும் சவர்க்காரம் கரையாது. அவரிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. குசினியில் செய்கிற வேலையெல்லாம் சொல்லிவிட்டா செய்கிறேன்?

அதற்குப் பிறகு கார் நிற்கத் தொடங்கியது.

முதல் தரம் அல்லைப்பிட்டியில், தேவாலயத்தடியில். இருமியது, குலுங்கியது, நின்றது. அவர் இறங்கி, பெற்றோல் கிடக்கிறதா என்று மூடியைத் திறந்தார். உஸ் என்றொரு சத்தம். உள்ளே தாராளமாகக் கிடந்தது. மூடிவிட்டுச் சாவியைத் திருப்பினார். ஒன்றும் நடவாததுபோல ஓடியது. அடுத்த கிழமை துறைக்குப் போகும் வழியில் நின்றது. அதற்கடுத்த கிழமை நிற்கவேயில்லை. பெற்றோல் அடியில் ஊத்தை இருக்கும் என்று நினைத்து, அவர் எப்போதும் முட்ட நிரப்பத் தொடங்கினார். அப்போது இன்னும் கெதியாக, பாதி வழிகூடப் போகமுன் நின்றது.

ஊர்காவற்றுறையில் கராஜ் வைத்திருக்கிற மெக்கானிக் கெட்டிக்காரர். பெற்றோல் குழாயைக் கழற்றி ஊதினார், பிளக்குகளைத் துடைத்தார், சந்திவரை இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தார்.

"ஐயா, எனக்கெண்டால் நிக்குதில்லை. காரிலை ஒரு பிழையுமில்லை."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் தம்பி நிக்குது?"

"கிளச்சிலையிருந்து இடக்காலைச் சட்டெண்டு எடுக்கிறியளோ தெரியேல்லை. வயசுக்கு அப்பிடி வாறதுதானே, ஐயா."

மெக்கானிக் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

பிறகுதான் பண்ணைப் பாலம். யாழ்ப்பாணம் போகும் வழியில், இரண்டு பக்கமும் கடல், நட்டநடுவில் கார் நின்றுவிட்டது. பின்னால் பஸ் வந்து கோர்ன் அடித்தது. கொண்டக்டர் இறங்கி வந்தார்.

"ஐயா, தள்ளி விடட்டோ, இல்லாட்டிக் கடலுக்கை இறக்கி வள்ளமாக்கட்டோ?"

"உம்மடை பஸ் நேரத்துக்கு வந்தால் நாங்கள் ஏன் கார் வைச்சிருக்கிறம்?" என்றேன் நான்.

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாலு பேர் இறங்கிக் காரை ஓரத்துக்குத் தள்ளினார்கள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

வீட்டுக்கு வந்துதான் வாய் திறந்தார்.

"இஞ்சாரும், ஞாயிற்றுக்கிழமை சுன்னாகத்திலையிருந்து ஒராள் காரைப் பாக்க வாறார். குடுத்துவிடப் போறன்."

"என்னத்துக்கு?"

"பிழை காரிலை இல்லை, என்ரை காலிலைதான். உம்மையும் வைச்சுக்கொண்டு நடுப்பாலத்திலை நிக்க என்னாலை ஏலாது."

அன்றிலிருந்து அவர் நடக்கும்போதுகூடத் தன் இடக்காலைப் பார்த்துப் பார்த்து வைத்தார். காலையில் பேப்பரை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவார், அதையும் விட்டுவிட்டார். நானாக எழுத்துக் கூட்டி வாசித்தால் ஒரு செய்திக்கு அரைநாள் போகும். ஆனாலும் செய்தியையா நான் தேடினேன்? அந்தக் குரலைத்தான்.

சனிக்கிழமை விடிய, புது நல்லெண்ணெய்த் தகரம் ஒன்றை உடைத்தேன். ஆணியால் ஒரு துளை போட்டுப் போத்தலுக்குள் சரித்தேன். கொளக், கொளக் என்று இரண்டு தரம் வந்து எண்ணெய் நின்றுவிட்டது. யோசிக்காமலே மற்ற மூலையில் இன்னொரு துளை போட்டேன். ஒரே சீராக ஊற்றியது. உள்ளே காற்றுப் போனால்தான் வெளியே எண்ணெய் வரும். இது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

போத்தல் நிரம்பி நிலத்தில் ஓடும்வரை அப்படியே நின்றேன். உஸ் என்ற அந்தச் சத்தம் காதில் கேட்டது. என் சவர்க்காரம்!

பேசாமல் எடுத்தெறிந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரியாது. பிழை விட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். ஆனால் கார் ஓடினாலும் அவர் தன் காலைத்தானே பார்த்துக்கொண்டிருப்பார்? மூடியின் துளையிலிருந்து அதை ஊசி ஒன்றால் தோண்டி எடுத்தேன், கல்லாக இறுகியிருந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவருடைய கதிரையடிக்குப் போனேன்.

"இஞ்சாருங்கோ, உங்கடை காலிலை பிழையில்லை."

"என்ன உது? விழுந்த பல்லோ?"

"சவர்க்காரம். பெற்றோல் மூடியிலை நான்தான் அடைச்சனான். உள்ளை காத்துப் போக வழியில்லாமல், பெற்றோல் எஞ்சினுக்குப் போகாமல் நிண்டிருக்குது. நீங்கள் மூடியைத் திறக்கேக்கை காத்துப் போய்த்தான் பேந்தும் ஓடினது. முட்ட நிரப்பேக்கை உள்ளை காத்தே இல்லை, அதுதான் இன்னும் கெதியா நிண்டது."

அவர் சவர்க்காரத்தைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மூண்டு மாசம்," என்றார். "மூண்டு மாசமா என்னைக் கிழவனாக்கி வைச்சிருந்தனீர்."

"ஓம்."

நன்றாக ஏசுவார் என்று காத்து நின்றேன். "வெளிக்கிடும்," என்றார்.

போகும்போது வேண்டுமென்றே முட்ட நிரப்பினார். அல்லைப்பிட்டி போயிற்று, மண்டைதீவுச் சந்தி போயிற்று. பாலம் வந்ததும் நான் அம்மனை நினைத்துக்கொண்டேன். கார் இருமவேயில்லை. நடுப்பாலத்தில் அவர் இடக்காலை உயர்த்தி எனக்குக் காட்டினார்.

"பாரும், கால் எங்கை கிடக்கெண்டு!"

"ஐயோ, கீழை வையுங்கோ!"

ஞாயிற்றுக்கிழமை சுன்னாகத்துக்காரர் வந்தார். தேத்தண்ணி குடித்து, காரைத் தடவிப் பார்த்து, "விக்கிறேல்லை எண்டு ஃபோனிலை சொல்லியிருக்கலாமே, ஐயா," என்று குறைப்பட்டார். ஓடுகிற காரைக் காட்டத்தான் அவரை வரவிட்டது என்று சொல்ல முடியுமா? சவர்க்காரக் கதையை மெக்கானிக்கிடம் என்னைத்தான் சொல்லவைத்தார் என் வீட்டுக்காரர். சொன்னேன், தலையை நிமிர்த்திக்கொண்டே.

துளை இப்போது திறந்தபடி கிடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் பெற்றோல் செட்டில் காரை நிறுத்தி, அடிக்கிறவரிடம் அவர் சொல்லுவார்:

"முட்ட வேண்டாம் தம்பி, கொஞ்சம் குறைச்சு அடியும். அம்மா பூக் கொண்டு வாறா."