மராத்தியில் ஒரு அலறல்

தன் வேலை போனதிலிருந்து கணவர் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். இந்த மராத்தி ஊர் ஹடப்சரில் எங்களுக்கு ஒத்தாசைக்குச் சொந்தபந்தம் யாருமில்லை. என் எரிச்சலெல்லாம் மூன்று வயது மகள் முதுகில்தான் இறங்கும், என் அம்மா என்னை அடித்த மாதிரியே. தமிழில்தான் திட்டுவேன். பக்கத்து வீட்டு மராத்திக்காரர்களுக்குப் புரியாது என்ற தைரியம்.

ஒரு மாலை பாலைக் கொட்டிவிட்டாள். "மறுபடியும் கொட்டிட்டியாடி?" என்று கையை ஓங்கினேன். வீட்டில் தமிழ் மட்டுமே பேசுகிறவள், தினமும் விளையாடப் போகும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து மராத்தியில் அலறினாள்: "காக்கூ, யா நா! ஆயி மார்த்தே!" அத்தை, வாங்க, அம்மா அடிக்கிறா.

என் கை அப்படியே நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம் கூடியது.

அதற்குப் பிறகு நான் அடித்ததில்லை. வீட்டுக்கு வருகிற தமிழ்க்காரர்கள், "உங்க பொண்ணு எவ்வளவு அழகா மராத்தி பேசுறா!" என்று மெச்சுகிறார்கள். அதை அவள் முதலில் எதற்குப் பேசினாள் என்று நான் சொல்வதில்லை.