பெண் பார்க்க வந்தவர்களுக்கு வாங்கிய சோடா

கிறீம் சோடாப் போத்தலின் மூடியைத் திறந்ததும் ‘புஸ்’ என்று கிளம்பும் வாசம் மூக்கைக் குத்திக் கண்ணில் நீர் வரவைக்கும். எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் அது விருந்தாளிக்கு மட்டுந்தான். வந்தவர் கிளாஸின் அடியில் இரண்டு மிடறு விட்டுவைப்பார், அது பிள்ளைகளுக்கு. விடாமல் குடித்துவிட்டுப் போனவருக்கு அம்மா வைத்த பெயர் ‘கிளாஸ்நக்கி’.

எனக்குப் பத்து வயதில், அக்காவைப் பெண் பார்க்க வெள்ளவத்தையிலிருந்து மாப்பிள்ளையும் தாய் தகப்பனும் வந்தார்கள். மூன்று போத்தலுக்கான காசை என் கையில் பொத்தி அம்மா கடைக்கு விரட்டினார். கடைக்காரச் சிங்கள முதலாளி தன் பாஷையில் தங்கச்சி என்று கூப்பிட்டு, “நங்கி, சோடா இண்டைக்கு விலை கூடினது. இதுக்கு ரெண்டுதான்” என்றார். வந்தவர்கள் முன்னால் திரும்பக் காசு கேட்டால் அம்மாவுக்கு மானக்கேடு என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரியும். இரண்டை வாங்கிக்கொண்டு குசினிப் பின்கதவால் நுழைந்து, மூன்று கிளாஸில் ஊற்றி, குறைந்ததைக் குழாய்த் தண்ணீரால் நிரப்பினேன். அதை அக்கா தட்டில் கொண்டுபோனாள்.

மாப்பிள்ளையின் தாய் ஒரு மிடறு குடித்தார். “என்னப்பா, இஞ்ச சோடாவும் குழாயிலயோ வாறது?” என்று புருஷனைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, “ஆர் பிள்ளை கலந்தது?” என்று கேட்டார்.

கதவோரம் நின்ற என்னை ஒருதரம் பார்த்துவிட்டு அக்கா சொன்னாள்: “நான்தான் மாமி.”

‘கை இறுகின பெட்டை’ என்று சொல்லியனுப்பி விட்டார்கள். பிறகு வந்த சம்பந்தங்களுக்கெல்லாம் அந்தக் கதை முந்திக்கொண்டு போனது. அக்கா கடைசிவரை கலியாணம் முடிக்கவில்லை. நானோ ரோஷக்காரி, பிழையை ஒத்துக்கொண்டு பழக்கமில்லாதவள், வாயே திறக்கவில்லை.

விலை ஏறியவுடனே ஆட்கள் வாங்குவதை விட்டுவிடுவதில்லை. நாங்களும் முதலில் சின்னப் போத்தலுக்கு மாறினோம், பிறகு ஒன்றை நாலு பேர் குடித்தோம், கடைசியில் வந்தவர்களுக்குப் பிளேன்டீயோடு நிறுத்திக்கொண்டோம்.

இப்போது வெள்ளவத்தையில் மகனோடு இருக்கிறேன். போன கிழமையும் சோடா விலை கூடியது. கடையில் ஒரு தாய் பெரிய போத்தலை எடுத்து, விலையைப் பார்த்துத் திரும்ப வைத்துவிட்டு, அழுத பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். “சீனி குறைஞ்சா நல்லதுதானே அம்மா” என்கிறான் மகன். நல்லதாகவே இருக்கட்டும். வீட்டுக்கு வருகிறவர்களும் தங்கள் தண்ணீரைத் தாங்களே கொண்டுவருகிறார்கள். ஊற்றிக் கொடுக்கும் வேலை எனக்கில்லை.

அக்கா போய் இரண்டு வருஷம். கடைசி மாதம் முழுக்க அவளுக்குக் கஞ்சி பருக்கியது நான்தான். ஒவ்வொரு நாளும், நாளைக்குச் சொல்லுவோம் என்று நினைத்து, அவள் வாயைத் துடைத்துவிட்டு எழும்பி வந்தேன்.