மன்னிக்கப் போன வெள்ளிக்கிழமை

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கோயிலில் சிலுவைப்பாதை முடிந்த கையோடு, பக்கத்துத் தோட்டக்காரரை மன்னிப்பதற்காகப் போனேன்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. ராயப்பன்பட்டிக்கு வெளியே அரை ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தலும் உண்டு. அடுத்த நிலம் அவருடையது. வருஷம் தவறாமல் வீரபாண்டி மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர். தன் நிலத்தில் மக்காச்சோளம் போட்டிருந்தார். மற்ற நாட்களில் ஊரார் தோட்டங்களுக்குக் கூலிக்கு மருந்தடிப்பார்.

ஒரு மாதத்துக்கு முன்னால் என் பந்தலில் பாதிக் குருத்து, விசிறியை மடக்கியது போலச் சுருண்டுபோனது. களைக்கொல்லி பட்டால் திராட்சை இலை அப்படி ஆகும். அந்த வாரம்தான் அவர் சோளத்துக்குக் களைக்கொல்லி அடித்திருந்தார். காற்றில் வந்து விழுந்திருக்கிறது, வேறென்ன? எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. டீக்கடையில் அத்தனை பேர் முன்னால், "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியாத ஆளெல்லாம் மருந்தடிக்கக் கெளம்பிட்டாக" என்று கத்தினேன். அவர் வாய் திறக்கவில்லை. தப்புச் செய்தவர் எப்படிப் பேசுவார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு இரண்டு தோட்டக்காரர்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டதாகக் காதில் விழுந்தது. வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பொய்.

ஆனால் பூசையில் பரலோக மந்திரம் சொல்லும்போது, எங்களுக்குத் தீமை செய்தவர்களை மன்னிப்பதாக வரும் வரியை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். ஒரு மாதம் இப்படித் தவித்த பிறகுதான் கிளம்பிப் போனேன்.

"நடந்தது நடந்துபோச்சுண்ணே. நான் மன்னிச்சிட்டேன்" என்றேன்.

அவர் "சரி சார், நல்லது" என்றார்.

வீட்டுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். மனைவியிடம் அதை இரண்டு தடவை சொன்னேன்.

மறுநாள் கொடிக்குச் சாம்பல் நோய் மருந்தடிக்க டேங்கை எடுத்தேன். "போன மாசம் வரப்புப் புல்லுக்குக் களைக்கொல்லி அடிச்சது இதுலதான? நல்லாக் கழுவிட்டு ஊத்துங்க" என்றாள் மனைவி.

டேங்கைக் கீழே வைத்தேன். போன மாதம் காலையில் வரப்புக்கு அடித்தேன். சாயங்காலம் ஒரு செம்புத் தண்ணீர் விட்டு அலசிவிட்டு, அதே டேங்கில் கொடிக்கு மருந்து கலந்தேன்.

பந்தலுக்குள் ஓடிப் பார்த்தேன். அவர் வரப்பை ஒட்டிய கொடிகள் பச்சையாக நின்றன. சுருண்டதெல்லாம் எதிர்ப்பக்கம், கிணற்றோரம், நான் முதல் டேங்க் அடித்த வரிசைகள். தினமும் பார்த்த கொடிகள்தான். நேரே அவர் நிலத்துக்கு நடந்தேன்.

அவர் சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். "ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?" என்று கேட்டேன். என்ன என்று அவர் கேட்கவில்லை.

"நீங்க கத்துன அன்னிக்கே பந்தல வந்து பாத்துட்டேன் சார்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்ற ஆளு. அம்புட்டுப் பேரு முன்னாடி தலகுனிஞ்சு நிக்க வேணாம்னு விட்டுட்டேன்."

"நேத்து நான் மன்னிக்க வந்தேனே, அப்பவாவது?"

சிரித்துவிட்டார். "மனசத் தேத்திக்கிட்டு அம்புட்டுத் தூரம் வந்தீக. வெறுங்கையோட அனுப்பச் சொல்றீகளா?"

நான் அவருக்குத் தந்ததாக நினைத்து மார்தட்டிய மன்னிப்பை, அவர் ஒரு மாதமாகத் தன் பிழைப்பை விட்டுக்கொடுத்து எனக்குத் தந்துகொண்டிருந்திருக்கிறார். ஆண்டவரே இரக்கமாயிரும் என்று வாரந்தவறாமல் கேட்கிறவன் நான். அந்த இரக்கம் பக்கத்து நிலத்திலிருந்து வந்ததுகூடத் தெரியவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் டீக்கடைக்குப் போனேன். அன்றைக்கு இருந்த ஆட்கள் பெரும்பாலும் இருந்தார்கள், அவரும் இருந்தார். குருத்து சுருண்டது என் டேங்கால்தான், அண்ணன் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன்.

"கேக்கலையே சார்" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

மறுபடி சத்தமாகச் சொன்னேன். கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. அண்ணன் மட்டும் என்னைப் பார்க்காமல், கையிலிருந்த கிளாசையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.