கலரியில் சின்னம்மா திறந்த யன்னல்

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாஷப்பலில் சின்னம்மாவின் சேலைக்கடை இருந்த கட்டடத்தை நாங்கள் கலரி என்போம். கண்ணாடிக் கூரை போட்ட நீண்ட நடை, இரு பக்கமும் கடைகள், மேலே ஒரு மாடி. இன்றைய பெரிய அங்காடிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் அது ஒரு தாழ்வாரம்தான். ஒன்பது வயதில் எனக்கோ உலகத்திலேயே பெரிய கடைத்தொகுதி அதுவே. அம்மாவும் அப்பாவும் உணவகங்களில் வேலை செய்ததால், பள்ளி விடுமுறைகளில் என்னைச் சின்னம்மாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள்.

கலரியின் பழைய கதையை மாடியில் தைத்துக்கொண்டிருந்த துருக்கித் தையற்காரர்தான் எனக்குச் சொன்னார். முதலில் மிருகத் தோலில் தைத்த மென்மயிர்க் கோட்டு விற்கிறவர்கள் இருந்தார்களாம். அவர்கள் வயதாகி ஒதுங்க, அவருடைய ஆட்கள் தையல் இயந்திரங்களோடு வந்தார்கள். தையல் வேலை தூர நாடுகளுக்குப் போய்விட, எங்கள் ஆட்கள் வந்தார்கள். வீடியோக் கசெற்றுகளும் ஊருக்குத் தொலைபேசி எடுக்கும் கூண்டுகளும் நகையும் புடவையுமாகக் கலரி கொஞ்சக்காலம் கலகலத்தது. பிறகு எல்லோர் கையிலும் கைத்தொலைபேசி வந்தது, கூண்டுகள் வெறுமையாயின. போதாததற்கு, ஒரு திருட்டு நடந்ததைக் காரணம் காட்டி நிர்வாகம் பின்கதவைப் பூட்டிவிட்டது. மெத்ரோ ரயிலில் வந்து இறங்குகிற சனமெல்லாம் பின்தெருவால்தான் வரும். ஒரு சேலைக்காகக் கட்டடத்தைச் சுற்றி முன்வாசலுக்கு வர யாருக்கு மனம் வரும்? சின்னம்மாவின் கடை நடையின் கடைசியில், அந்தப் பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் இருந்தது.

கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்க, சின்னம்மா, பிரெஞ்சில் பேசிக்கொடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு கட்டட முகாமையாளரிடம் அடிக்கடி போவார். அவர் மெலிந்த, மிக மரியாதையான மனிதர். எங்களை இருத்திவிட்டுத்தான் மறுப்பார்.

"இம்பொசிபிள், மடாம்."

"ஏலாதாம், சின்னம்மா."

"அது எனக்கும் விளங்குது. உங்களுக்கு ஏலாதெண்டால் எனக்கு ஏலும் எண்டு சொல்லு."

நான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு எனக்கு ஒரு இனிப்பு தந்தார். அடுத்தமுறை போகலாமென்று நானே சின்னம்மாவைத் தூண்டியதற்கு அந்த இனிப்புத்தான் காரணம்.

ஆவணியில் கோயில் தேர்த்திருவிழா வந்தது. அந்த வருஷம் தேர் எங்கள் பின்தெருவால் போகும் என்று தெரிந்ததும் சின்னம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவருடைய கடையின் பின்சுவரில் மேலிருந்து கீழ்வரை பலகை அடித்திருந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெரிய இரட்டை யன்னல் இருக்கிறதென்றும், வெயில் பட்டால் மென்மயிர் வெளுத்துவிடும் என்று பழைய வியாபாரிகள் அதை மறைத்தார்கள் என்றும் தையற்காரர் ஒருநாள் சொல்லியிருந்தார். தேரன்று காலையில் சின்னம்மா சேலைத் தட்டுகளை இழுத்து ஒதுக்கினார். தையற்காரர் ஆணிகளைப் பிடுங்கினார். பலகை விழுந்தது, தூசி பறந்தது, கடைக்குள் வெளிச்சம் வந்தது. யன்னல் இறுகிப்போயிருந்தது. சின்னம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அதைத் தோளால் இடித்து, கையால் இழுத்து அசைத்துத் திறந்தே விட்டார்.

யன்னல் வழியாகச் சாமான் விற்பதுதான் அவருடைய திட்டம். ஆனால் தேர் தெருமுடுக்கில் திரும்புகிற நேரம் பார்த்து மழை கொட்டத் தொடங்கியது. ஒதுங்க ஒரு கூரை இல்லாமல் சனம் அங்குமிங்கும் ஓடியது. சின்னம்மா ஒரு கணம் பார்த்தார். பிறகு கடையிலிருந்த முக்காலியைத் தூக்கி வெளியே வைத்தார்.

"இதாலை ஏறி உள்ளுக்கை வாங்கோ! நனையாதேங்கோ!"

"தங்கச்சி, இது யன்னலெல்லோ?" என்றார் வேட்டி முழுக்க நனைந்த ஒருவர்.

"இண்டைக்கு இதுதான் வாசல், அண்ணை. காலைத் தூக்குங்கோ!"

அவர் காலைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் தெருவே காலைத் தூக்கியது. பட்டுச்சேலைகளும் பிள்ளைவண்டிகளும் பால்செம்புகளும் யன்னலால் உள்ளே வந்தன. நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பருத்த அம்மாவைத் தையற்காரர் "மடாம், மடாம்" என்று மன்றாடியபடி இழுத்தெடுத்தார். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைத் துண்டால் மூடிக்கொண்டு இறங்கினார், இறங்கியதும் கண்ணாடிக் கூரைக்குக் கீழே நின்று வாசிக்கத் தொடங்கிவிட்டார். மழைச் சத்தத்தையும் மீறி அது கலரி முழுக்க நிறைந்தது. பாதி இறக்கியிருந்த கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக மேலே போயின. எங்கிருந்தோ தேநீர் வந்தது. நனைந்தவர்கள் மாற்றுடுப்பு வாங்கினார்கள், துவட்டத் துவாய் கேட்டார்கள், சும்மா நின்று கதைத்தார்கள். சின்னம்மாவுக்குத் தண்ணீர் குடிக்க நேரமில்லை.

யாரோ அறிவித்திருக்க வேண்டும், முகாமையாளர் வந்தார். முகம் சிவந்திருந்தது. சின்னம்மா யன்னலுக்கு முன்னால் போய் நின்றார்.

"மூடச் சொன்னால் மூடமாட்டன். சொல்லு பிள்ளை."

நான் வாயைத் திறக்குமுன் முகாமையாளர் கூட்டத்தைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பையிலிருந்து கமெராவை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார். முன்னால் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு போய், பல் விழுந்த இடமெல்லாம் தெரிய நான் சிரித்தேன்.

அதற்குப் பிறகு பின்கதவைத் திறந்துவிட்டார்கள். நாங்கள் வென்றுவிட்டோம் என்று பள்ளியில் எல்லோருக்கும் சொன்னேன். சனம் வந்தது, மாடி வரை கடைகள் நிறைந்தன. ஆனால் அடுத்த தேருக்கு முன்பே கலரியை ஒரு பெரிய நிறுவனம் வாங்கிவிட்டது. பழைய கடைக்காரர் யாருக்கும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. தையற்காரர் புறநகரான ஆர்ஜொந்தெய்க்குப் போனார். சின்னம்மா அழவில்லை, எங்கள் வீடிருந்த செவ்ரானுக்கு வா என்று அம்மா கூப்பிட்டதற்கும் இணங்கவில்லை. "நான் இந்த இடத்தை விட்டு அசையமாட்டன்" என்றார். பக்கத்துச் சேன்-தெனித் தெருவில் பிலாக்கொட்டை அளவில் ஒரு இடம் பிடித்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

நாங்கள் சாமான்களைச் சுமந்துகொண்டிருந்த அன்று, கலரியின் முகப்பைத் துணியால் மூடியிருந்தார்கள். அதில் புதிய அங்காடிக்கான மிகப் பெரிய விளம்பரப் படம். அன்றைய கூட்டம், அதன் நடுவில் ஒரு ஆள் உயரத்துக்கு என் முகம்.

"சின்னம்மா, பாருங்கோ! என்னைப் போட்டிருக்கினம்!"

கண்ணாடிக் காப்புப் பெட்டியோடு அவர் நின்றார். படத்தை நிமிர்ந்து நெடுநேரம் பார்த்தார்.

"ஓம், வடிவாத்தான் சிரிக்கிறாய்" என்றார். பெட்டியை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "வா, நாளைக்குக் கடை திறக்கோணும்."

நான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தேன். தெருவில் போகிறவர்கள் என்னை அடையாளம் காணட்டும் என்று, படத்துக்குக் கீழே அதே மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பைக் காட்டித்தான் எங்கள் கலரியை விற்றார்கள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.